கரும்புச் சக்கையும் ஆலைத் தீயும்

சீனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், கரும்பு நாடுவிட்டு நாடு சென்ற வழியையும், கடல் வாணிகம் பெருகியவாற்றையும், அடிமைகளாய் விற்கப்பட்ட ஆபிரிக்க மக்கள் உற்ற துன்பத்தையும் விரித்துரைப்பர். சாற்றைக் காய்ச்சிய தீ எதனால் எரிந்தது என்னும் வினாவை எழுப்பினோர் அவருள் சிலரே. வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் தீவுகள் காடிழந்தமைக்கும், ஆலைத் தொழிலாளர் உழைப்பு அளவிறந்து உறிஞ்சப்பட்டமைக்கும் உரிய காரணங்களுள் ஒரு பகுதி அவ்வடுப்பின் வாயிலேதான் கிடக்கின்றது.

கரும்புச் சாறு நூறு இறாத்தலாயின் அதனுள் ஏறத்தாழ 85 இறாத்தல் நீராகும். எஞ்சிய 15 இறாத்தலே சீனியும் பிற கரைபொருள்களும். அச்சாற்றைக் கெட்டிப் பாகாக்குதற்கு மட்டும் ஏறத்தாழ 75 இறாத்தல் நீரை ஆவியாக்கி அகற்றல் வேண்டும். வெட்டிய கரும்பைக் கிடத்தி வைத்தலும் இயலாது. பிழிந்த சாற்றை ஆறவிடலும் இயலாது. விரைவிலே புளிக்கத் தொடங்கிவிடும். ஆதலின் அறுவடைக் காலம் முழுவதும் ஆலைத் தீ இரவு பகலாய் அவியாது எரிய வேண்டியதாயிற்று. இத்துணை வெப்பத்துக்கு விறகு எங்கிருந்து வருவது?

விடை ஆலை முற்றத்திலேயே குவிந்து கிடந்தது. இக்காலத்து ஆலையொன்றிலே ஒரு தொன் கரும்பைப் பிழிந்தால் கால் தொன்னுக்கு மேற்பட்ட சக்கை எஞ்சும். அதிற் பாதி ஈரமாயினும், நல்ல கொதிகலத்தில் இட்டு எரித்தால் ஒரு தொன் சக்கை ஏறத்தாழ இரண்டு தொன் நீராவியைத் தரும். ஆலையின் உருளைகளைச் சுழற்றவும், சாற்றைக் காய்ச்சவும் வேண்டிய ஆற்றல் முழுவதும் இதனாற் கிடைக்கும், மிச்சமும் உண்டு. கரும்பு தன் சாற்றைத் தன் நாராலேயே காய்ச்சிக்கொள்ளவல்ல பயிர். அங்ஙனமாயின் முந்நூறு ஆண்டு காலம் காடுகளை வெட்டி அடுப்பிலிட்டமை எதன்பொருட்டு?

சக்கை எரியும் என்பதை அறியாமையால் அன்று. பொச்சுமட்டையையும் உமியையும் அடுப்பில் இட்டுப் பழகிய எவருக்கும் அது புதுமையாகாது. தென்னிந்தியாவிலே சர்க்கரை காய்ச்சும் உழவர், பிழிந்த சக்கையை ஆலையின் அருகிலேயே பரப்பி உலர்த்திக் கொப்பரையின் கீழ் எரித்து வருவது பழவழக்கம். கரும்பாலைத் தீயின் வெம்மையால் அருகிருந்த வயலின் நெய்தற்பூக்கள் வாடியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அத்தீயில் இட்டது யாது என்று புலவர் சொல்லவில்லை. ஆயின் உழவன் ஒருவன் சில காணிக் கரும்பைக் காய்ச்சுவது வேறு. கடல் கடந்த சந்தைக்கென ஒரு தீவு முழுவதும் கரும்பே விளைத்துக் காய்ச்சுவது வேறு.

அட்லாந்திக்குச் சமுத்திரத்திலுள்ள மதெய்ரா இதற்கு முதற் சான்று. அப்பெயரின் பொருளே 'மரம்' என்பது. 1420ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசர் குடியேறியபோது தீவு முழுவதும் அடர்காடாயிருந்தது. அந்நூற்றாண்டின் முடிவிலே ஐரோப்பாவுக்குச் சீனி வழங்கும் பெருந்தீவாக மதெய்ரா விளங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவ்வளம் விரைந்து சரிந்தது. போட்டி, மண்வளக் குறைவு முதலிய பல காரணங்கள் கூறப்படினும், அடுப்புக்கு விறகு எட்டாத் தொலைவுக்குச் சென்றமை அவற்றுள் ஒன்றென ஆய்வாளர் கருதுவர். பெயரில் மரம் நிலைத்தது, மலைச்சரிவிற் பெரும்பாலும் நிலைக்கவில்லை.

மேற்கிந்தியத் தீவுகளிலே பார்படோசு இவ்வழியே சென்றது; இன்னும் விரைந்து சென்றது. ஆங்கிலேயர் 1627இல் அங்கே குடியேறினர். 1640களிற் கரும்பு பரவிற்று. 1647 முதல் மூன்றாண்டு அங்கு வாழ்ந்து, தீவின் வரலாற்றை 1657இல் வெளியிட்ட இரிச்சாட்டு லிகன் காலத்திலே காடு இன்னும் எஞ்சியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது பெரும்பாலும் மறைந்தது. விறகின்றி இங்கிலாந்திலிருந்து நிலக்கரியைக் கப்பலேற்றித் தருவிக்கும் நிலை அப்பதினேழாம் நூற்றாண்டிலேயே அத்தீவுக்கு நேர்ந்தது. வெயில் என்றும் காயும் தீவொன்று, குளிர் நாட்டிலிருந்து எரிபொருள் கொணர்ந்து சீனி காய்ச்சி, அச்சீனியை அக்குளிர் நாட்டுக்கே அனுப்பிய விந்தை எண்ணத்தக்கது.

இந்நெருக்கடியே சக்கையை அடுப்பிற்கு அழைத்து வந்தது. முன்னர் ஒவ்வொரு கொப்பரைக்கும் தனித்தனி அடுப்பு இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொப்பரைகளை ஒரே வரிசையில் அமைத்து, வரிசையின் ஒரு தலையில் மட்டும் தீ மூட்டி, அதன் சுவாலையையும் வெப்பக் காற்றையும் ஏனைய கொப்பரைகளின் கீழாகப் புகைபோக்கிவரை செலுத்தும் முறை பரவிற்று. ஆங்கிலேயர் இதனை யமேக்கா வரிசை என்றனர். 1694இல் மார்த்தினிக்குத் தீவுக்கு வந்து, ஆலையொன்றை நடத்திய இலாபா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தம் நூலிலே இக்கொப்பரைகளின் பெயரையும் பணியையும் நுணுக்கமாக விவரித்துள்ளார். பெரிய கொப்பரையிற் புகுந்த சாறு, படிப்படியாகச் சிறிய கொப்பரைகளுக்கு முகந்து ஊற்றப்பட்டு, தீக்கு நேர்மேலிருந்த கடைசிக் கொப்பரையிலே பாகாகும். இவ்வடுப்புக்கு நெடுஞ்சுவாலை வேண்டும். உலர்ந்த சக்கை அத்தகைய சுவாலையைத் தருவது. ஐரோப்பியர் இதற்கு வழங்கிய 'பகாசு' என்ற சொல்லும் கரும்புக்குரியதன்று. ஒலிவம், முந்திரிகை ஆகியவற்றைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கைக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கிய சொல்லே தீவுகளிற் பெயர் மாறாது குடிபுகுந்தது.

'உலர்ந்த' என்னும் சொல்லிலேதான் இடர் முழுவதும் அடங்கியுள்ளது. நிறுத்திய மூன்று உருளைகளாலான அக்காலத்துச் செக்கு, கரும்பின் சாற்றிற் பெரும் பங்கைத் தண்டிலேயே விட்டுவிடும். அச்சக்கை நனைந்த வைக்கோல் போன்றது. அடுப்பிலிட்டால் தீயையே அவித்துவிடும். ஆதலால் அதனைச் சுமந்து சென்று வெயிலிற் பரப்பி, புரட்டி, மழை வருமுன் வாரி, கூரையிட்ட நீண்ட கொட்டில்களில் அடுக்கி, பின்னர் மீண்டும் சுமந்து உலைவாயிற் சேர்த்தல் வேண்டும். இச்சுமையைச் சுமந்தோர் அடிமைகளே. வயலிற் குழி தோண்டும் வலிய ஆடவரை இதற்கு விடாது, பெண்களையும் சிறாரையும் உடல் தளர்ந்தோரையும் தோட்டக்காரர் ஈடுபடுத்தினர். காட்டு மரத்துக்குப் பதிலாகக் கழிவு எரிந்தது என்று நூல்கள் எளிதிற் கூறிவிடும். மரத்தினிடத்தை நிரப்பியது கழிவு மட்டுமன்று. கழிவும், வெயிலும், கூலியற்ற கைகளும் சேர்ந்தே அதனை நிரப்பின. மழை மிகுந்த ஆண்டிலே சக்கை உலராது. அப்போது எஞ்சிய காட்டின்மேல் கோடரி மறுபடியும் விழும்.

1790களில் புதிய கரும்பினம் ஒன்று இத்தீவுகளிற் பரவிற்று. தாகித்தித் தீவிலிருந்து வந்தமையால் அதனை ஒட்டாகீற்றிக் கரும்பு என்றனர். 'பவுன்ற்றி' என்னும் கப்பலின் கலகத்தாற் பெயர்பெற்ற வில்லியம் பிளை என்பார் தம் இரண்டாம் பயணத்திலே, 1793இல், ஈரப்பலாக் கன்றுகளுடன் இக்கரும்பையும் யமேக்காவிற் கொண்டுவந்து சேர்த்தார். தண்டு தடித்து, சாறு மிகுந்த இவ்வினத்தைத் தோட்டக்காரர் விரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் சக்கை முன்னைய இனத்தின் சக்கையினும் உறுதியாய் நன்கு எரிந்தது. விறகற்ற தீவிலே இவ்வியல்பு சிறிய நன்மையன்று.

உலர்ந்த சக்கை நிறைந்த கொட்டில் எந்நேரமும் தீப்பற்றவல்ல களஞ்சியம் என்பதைத் தோட்டக்காரரும் அறிவர். அதனை நிரப்பியோரும் அறிவர். 1831ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் இரவு, யமேக்காவின் சென் யேம்சுப் பகுதியில், மலைமேலிருந்த கென்சிந்தன் தோட்டத்துச் சக்கைக் கொட்டில் தீயிடப்பட்டது. மொந்தேகோ குடாவைச் சூழ்ந்த தோட்டங்கள் பலவற்றுக்கும் அத்தீ தெரிந்தது. தொடர்ந்து வேறு கொட்டில்களும் எரிந்தன. அடிமையாயும், பத்திசுத்து சபையிற் போதகராயும் இருந்த சாமுவேல் சாப்பு என்பார், கூலியின்றி வேலை செய்வதில்லை என்னும் அமைதியான மறுப்பையே முதலில் வகுத்திருந்தார். அது பெருங் கிளர்ச்சியாய் மாறிற்று; தீவின் அடிமைகள் மூன்று இலட்சத்தவருள் ஏறத்தாழ அறுபதினாயிரவர் அதிற் சேர்ந்தனர் என்பர். அதனை அடக்கியபோதும், பின்னர் நடந்த விசாரணைகளின் முடிவிலும் ஐந்நூறு பேரளவில் உயிரிழந்தனர். சாப்பு 1832 மே 23இல் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1834 ஆகத்து முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆலைக்குத் தீயூட்டுதற்கெனச் சேர்த்த சக்கையே ஆலை முறைமைக்கு எதிரான முதல் தீயுமாயிற்று.

யமேக்கா தளர, சீனித் தொழிலில் முதலிடம் கியூபாவுக்குச் சென்றது. அங்கே பழைய கதை பெரிய அளவில் மீண்டும் நடந்தது. கடற்படைக் கப்பல்களுக்கென அரசு காத்துவந்த காடுகளிலே தனியார் தம் நிலத்து மரத்தை விருப்பப்படி வெட்டும் உரிமையை எசுப்பானிய அரசாணை 1815இல் வழங்கிற்று. காடு வெட்டப்பட்ட நிலத்திலே கரும்பு. வெட்டிய மரம் அடுப்பில். மரம் தீர்ந்ததும் ஆலை அடுத்த காட்டை நோக்கி நகரும். காடு உள்ளவரை சக்கையை மதிப்போர் இலர் என்பதற்குக் கியூபாவே தக்க சான்று.

இச்சிக்கலை அறிவியல் அவிழ்த்தது இரு முனைகளிலே. ஒன்று, குறைந்த வெப்பத்தால் அதிக நீரை ஆவியாக்குதல். மற்றது, ஈரச் சக்கையை உலர்த்தாமலே எரித்தல். இவற்றுள் முன்னையதே பெரிது என்று கொள்ளல் தகும். திறந்த கொப்பரையிலிருந்து எழும் ஆவி, தன்னை உண்டாக்கிய வெப்பம் முழுவதையும் சுமந்துகொண்டு கூரைவழியே போய்விடும். அதனைப் பிடித்து மீண்டும் வேலை வாங்கினவர் நோபேட்டு இரில்லியூ.

இவர் 1806இல் நியூ ஓர்லியன்சு நகரிலே, வெள்ளையரான தந்தைக்கும், ஆபிரிக்க மரபினராயினும் அடிமையல்லாத தாய்க்கும் மகனாய்ப் பிறந்தார். பாரிசிற் கற்று அங்கேயே பொறியியல் கற்பித்தவர். மலை நாட்டிலே நீர் குறைந்த வெப்பநிலையிற் கொதிப்பதை மாணவர் அறிவர். அமுக்கம் குறையக் கொதிநிலை குறையும். ஓவாட்டு என்னும் ஆங்கிலேயர் இவ்வுண்மையைக் கொண்டு காற்றகற்றிய கலத்திலே பாகு காய்ச்சும் முறைக்கு 1813இல் உரிமை பெற்றிருந்தார். இரில்லியூ அதனினும் ஒருபடி மேற்சென்றார். மூடிய கலங்களைத் தொடராக அமைத்து, முதற் கலத்தின் சாற்றிலிருந்து எழும் ஆவியை அமுக்கம் குறைந்த இரண்டாம் கலத்துக்கு வெப்பமாகவும், அதன் ஆவியை மேலும் அமுக்கம் குறைந்த மூன்றாம் கலத்துக்கு வெப்பமாகவும் செலுத்தினார். ஒரு பங்கு நீராவி மூன்று பங்களவு நீரை அகற்றிற்று. 1843இலும் 1846இலும் இதற்கு உரிமை பெற்றார். லூசியானாவின் மிர்த்தில் குரோவு தோட்டத்தில் இவ்வமைப்பு 1845இல் நிறுவப்பட்டு வெற்றி கண்டது.

அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டங்களுக்கே இவர் இப்பொறியை விற்றார் என்பதும், அத்தோட்டக்காரர் இவரைத் தம்மோடு சமமாய் அமரவிடாத சமுதாயத்தினர் என்பதும் ஒருங்கே நினைக்கத்தக்கன. நகர வடிகாலுக்கு இவர் வகுத்த திட்டம் ஏற்கப்படவில்லை. மீண்டும் பாரிசுக்குச் சென்று, சிலகாலம் எகித்திய ஓவிய எழுத்தாராய்ச்சியில் ஈடுபட்டு, 1894இல் அங்கேயே காலமானார். இன்று பால் கெட்டிப்படுத்தும் ஆலையும், கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் சிலவும், உலகத்துச் சீனி ஆலைகளும் அவர் கண்ட தத்துவத்தாலேயே இயங்குகின்றன.

வெப்பத் தேவை இவ்வாறு சுருங்கியபின்னரே சக்கை தன் ஆலைக்குப் போதுமானதாயிற்று. நீராவியாற் சுழலும் கனத்த கிடை உருளைகள் தொடராய் அமைந்தமையால் சாறு நன்கு பிழியப்பட்டு, ஈரம் ஏறத்தாழப் பாதியளவுக்குக் குறைந்தது. அடிமை ஒழிந்தபின் உலர்த்தும் கைகளுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தமையும் தோட்டக்காரரைப் புதுவழி தேடத் தூண்டிற்று. 1880களில் ஈரச் சக்கையை நேரே ஏற்கும் உலைகள் பரவின. வெப்பந்தாங்கும் செங்கல்லால் வளைவுக் கூரை கட்டி, அக்கூரை செந்தணலாய்க் காய்ந்து, மேலிருந்து விழும் சக்கையைத் தன் கதிர்வீச்சாலேயே உலர்த்தும். சூடேற்றிய காற்று கீழிருந்து ஊதப்படும். வெயிலும் மனிதரும் இரு நாளிற் செய்ததை உலையே சில கணத்திற் செய்தது. சக்கைக் கொட்டிலும் அதன் சுமைகாரரும் மெல்ல வரலாற்றினின்று மறைந்தனர்.

இதன்பின் நேர்ந்த மாற்றம் சற்று நகைப்புக்குரியது. சக்கை தேவைக்கு மிஞ்சிற்று. குவிந்தால் தீப்பிடிக்கும், அழுகும், இடம் அடைக்கும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் பொறியியலார் பலர், சக்கை முழுவதும் எரிந்து தீரும்படி வேண்டுமென்றே திறன் குறைந்த கொதிகலங்களை அமைத்தனர். விற்பதற்கு வழியற்ற ஆற்றலைச் சேமிப்பார் யார்? விறகுக்கு ஏங்கிய தொழில், எரிபொருளை எவ்வாறு ஒழிப்பது என்று கணக்கிட்ட காலம் அது. 1960ஆம் ஆண்டளவிற் கந்தளாயில் தொடங்கி 1993இல் மூடப்பட்ட சீனி ஆலையைக் கண்டோர்க்குச் சக்கைக் குவியலின் பருமை நினைவிருக்கும்.

சக்கையின் ஆற்றலை ஆலை மதிலுக்கு வெளியே கொண்டுசென்றதில் மொரீசியசுத் தீவு முன்னின்றது. அங்கும் தொடக்கம் காடழிவே. ஒல்லாந்தர் கருங்காலியை வெட்டினர். பிரெஞ்சு ஆட்சியிலே பியர் புவாவர் 1769இற் காடு காக்கும் விதிகளை வகுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கரும்பு அவ்விதிகளின்மேற் படர்ந்தது. 1834 முதலாக ஒப்பந்தக் கூலிகளாய் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். சென்னைத் துறைமுகம் வழிச் சென்ற தமிழரும் அவருள் அடங்குவர். கரும்பை வெட்டினோரும் சுமந்தோரும் உலைமுன் நின்றோரும் இவரே.

1957இல் அத்தீவின் சென் அந்துவான் ஆலை, தன் மிகுதி மின்சாரத்தைப் பொது மின்வலைக்கு விற்கத் தொடங்கிற்று. பின்னர், 1980களில், ஆண்டு முழுவதும் மின்சாரம் தரவல்ல நிலையங்கள் எழுந்தன; 1991இற் சக்கை ஆற்றல் விருத்தித் திட்டம் வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிற் பெல் வியூவில் நிறுவிய நிலையம், வளிமண்டல அமுக்கத்தின் எண்பது மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தில் நீராவி தரும் கொதிகலங்களைக் கொண்டு 70 மெகாவாற்று மின்சாரம் தரவல்லது. பழைய ஆலைகள் ஒரு தொன் கரும்புக்குச் சில பத்துக் கிலோவாற்று-மணி மின்சாரத்தையே வெளியே அளித்தன. இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் அளிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே இருநூறுக்கு மேற்பட்டிருந்த ஆலைகள் இன்று ஒருசிலவாய்க் குறைந்து, எஞ்சியவை மின்நிலையங்களோடு பிணைந்துள்ளன.

ஆயினும் அறுவடை ஆண்டு முழுவதும் இல்லை. வெட்டுக் காலம் முடிந்து சக்கை தீர்ந்ததும் இந்நிலையங்கள் பல இறக்குமதி நிலக்கரியை எரிக்கத் தொடங்கும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்க்கின், அத்தீவின் மின்சாரத்திற் சக்கையின் பங்கினும் நிலக்கரியின் பங்கே மிகுதியாக இருந்து வந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டிற் பார்படோசு துறையில் இறங்கிய கரி இங்கே மறுபடியும் இறங்குகின்றது. ஐரோப்பியச் சந்தையின் விலைச் சலுகை 2009இல் முடிவுற்றபின் கரும்பு நிலமும் சுருங்கி வருகின்றது. நிலம் சுருங்கச் சக்கையும் சுருங்கும்.

இன்னொரு வழக்கும் அங்கே நெடுங்காலம் நடந்தது. ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் சிறு விளைவிப்போர், அவருட் பலர் அக்கூலிகளின் வழித்தோன்றல்கள், சாற்றிலிருந்து வரும் சீனிக்குப் பங்கு பெற்றனர். சக்கையிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அவர் பெற்றது மிகச் சொற்பமே. ஆலை வாயிலிற் கரும்பை இறக்கியவுடன் அதன் நார் எவருக்கு உரியது என்று அவர் கேட்டு வந்தனர். 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே அரசு சக்கைக்குரிய கொடுப்பனவைப் பெரிதும் உயர்த்தி, சீனியின் அளவை அடிப்படையாகக் கொண்டு அதனை விளைவிப்போர்க்கு வழங்க ஏற்பாடு செய்தது.